பேரிங் புராணம்

பால்ரஸ் என்று சொன்னால் வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சைக்கிள் கடை வாசலில், கறுப்பு கிரீஸுக்கு நடுவே பளபளவென்று கிடக்குமே, அந்த எஃகு குண்டுகள்தான். அதைப் பொறுக்கி வந்து கோலி ஆடாத பிள்ளைகள் குறைவு. கொஞ்சம் பெரிய பையன்கள் பழைய பேரிங்குகளைப் பலகையில் மாட்டி வண்டி செய்வார்கள். அது தார் ரோட்டில் போகிற சத்தத்தில் மத்தியானத் தூக்கம் போன தெருவே எழுந்து வந்து திட்டும்.

பேரிங்குக்கு நம் ஊரில் அவ்வளவுதான் மரியாதை. ஓடுகிறவரை யாரும் அதை நினைப்பதில்லை. நின்றுபோனால் "பேரிங் போச்சு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஏன் போச்சு, எப்போதே போச்சு என்று கேட்பவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். பொறுமை உள்ளவர்கள் தொடரவும் :-)

நான் படிப்பது ஏரோநாட்டிகல். மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஒரு செமினார் கொடுத்தார்கள். தலைப்பு: ஒரு ஆள் தன் கையாலேயே கட்டிக்கொள்ளும் சின்ன விமானம். ஹோம்பில்ட் என்பார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். இறக்கை, எஞ்சின், ப்ரொபெல்லர், காக்பிட் கருவிகள் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நான் எர்ணாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் மிச்சமிருந்தது சக்கரம்தான். "உனக்கு ஈஸிடி, ரெண்டு ஸ்லைடு போதும்" என்று ஆறுதல் வேறு.

ஆரம்பத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பறக்கிற பொருளுக்குச் சக்கரம் என்ன பெரிய விஷயம்? தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், சக்கரத்துக்கும் விமானத்துக்கும் இருக்கிற உறவு இறக்கைக்கும் விமானத்துக்கும் இருக்கிற உறவைப் போலவே பழசு என்று தெரிந்தது.

இன்று சைக்கிளில் நாம் பார்க்கிற கம்பிச் சக்கரம் இருக்கிறதே, அதை 1808-ல் தன் நோட்டில் வரைந்து வைத்தவர் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர். அவருக்கு சைக்கிள் மீது ஆசை இல்லை. அப்போது சைக்கிளே கிடையாது. பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று யோசித்து, கட்டை ஆரங்களுக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகளை வைத்தார். விமானத்துக்காக யோசித்தது பிற்பாடு சைக்கிளுக்குப் போனது.

பேரிங் எதிர்த் திசையில் வந்தது. 1869-ல் பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தார். அவர் சக்கரத்தில் இருந்தது ஜூல் சுரிரே என்பவர் செய்த பால் பேரிங். அதன்பிறகு சைக்கிள் தொழில் பேரிங்கை விடவே இல்லை. 1903-ல் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக்கில் பறந்தபோது அவர்கள் விமானத்தில் சக்கரமே கிடையாது. மணலில் 60 அடிக்கு ஒரு மரத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒரு சின்னத் தள்ளுவண்டி வைத்து, அதில் விமானத்தை உட்காரவைத்து ஓடவிட்டார்கள். அந்தத் தள்ளுவண்டிக்குச் சக்கரமாக இருந்தது, கொஞ்சம் மாற்றிய சைக்கிள் ஹப். சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள், வேறு எங்கே போவார்கள்?

நம் மெட்ராஸும் இதில் பின்தங்கவில்லை. 1910-லேயே இங்கே ஒரு ஹோம்பில்ட் பறந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், தானே யோசித்து, சிம்ப்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, பல்லாவரம் பக்கம் ஓட்டிப் பார்த்து, பிறகு தீவுத்திடலில் ஜனங்களுக்குக் காட்டினார். குதிரை வண்டியும் மோட்டார் பாடியும் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி, விமானமும் கட்டியது. நம் காலத்தில், மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி காந்திவலியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். அது 2017-ல் முறைப்படி பதிவும் ஆனது. அமெரிக்காவில் கேட்கவே வேண்டாம். வான்ஸ் என்ற ஒரே கம்பெனியின் கிட்டை வாங்கி வீட்டு ஷெட்டில் கட்டிப் பறந்தவை மட்டும் 10,000-க்கு மேல்.

இந்தச் சின்ன விமானங்களின் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும்? பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங். ஹென்றி டிம்கன் 1898-ல் குதிரை வண்டி அச்சுக்காகக் காப்புரிமை வாங்கிய அதே சரக்கு. உருண்டைக்குப் பதில், ஒரு முனை சிறுத்த உருளைகள். அவை ஒரு கூம்பைச் சுற்றி வரிசையாக நிற்கும். அது கோன். ஹப்புக்குள் இறுக்கி அடித்து வைத்த வளையம் கப். ஒரு ஹப்பில் இப்படி இரண்டு ஜோடி, ஒன்றை ஒன்று பார்த்தபடி. மேலிருந்து வருகிற பளுவையும் தாங்கும், வளைவில் பக்கவாட்டில் வருகிற தள்ளலையும் தாங்கும். காரிலும் டிரெய்லர் லாரியிலும் இதே ஆசாமிதான். அளவு மட்டும் வேறு.

ஒரு சின்னக் கணக்கு போட்டேன். சின்ன விமானத்தின் டயர் குறுக்களவு ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.13 மீட்டர் போகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால், நின்றுகொண்டிருந்த சக்கரம் ஒரு நொடிக்குள் நிமிடத்துக்கு 1,300 சுற்று என்ற வேகத்துக்குப் போயாக வேண்டும். டயர் 'கிறீச்' என்று கத்துவது அதனால்தான். பேரிங் அந்தக் கணத்தில் கத்தாது. கத்தினால் விமானம் ஓடுபாதையை விட்டுப் பக்கத்தில் இருக்கிற புல்லுக்குப் போகும்.

ஆனால் தூரத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு 100 முறை பறக்கிறது, ஒவ்வொரு முறையும் தரையில் மூன்று கிலோமீட்டர் உருள்கிறது என்றே வையுங்கள். மொத்தம் 300 கிலோமீட்டர். ஒரு ஷேர் ஆட்டோ அதை இரண்டு மூன்று நாளில் ஓடிவிடும். அப்படியென்றால் விமானத்தின் பேரிங் நூறு வருஷம் வரவேண்டுமே? வருவதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குப் புத்தகத்தில் பாதி கிடைத்தது. மீதி கிடைத்தது எங்கள் தெரு முனையில்.

தெரு முனைக்குப் போகுமுன் எங்கள் ஏரியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. இது சக்கரங்களின் ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்ததுதான் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆனது. புல்லட்டை இந்தியாவில் கட்ட 1955-ல் எடுத்த முடிவுக்கு இடம் கொடுத்தது திருவொற்றியூர். 1946-ல் மம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஒரு ஷெட் போட்டதும் இதே திருவொற்றியூரில்தான். அந்த பலூன் கடைதான் எம்.ஆர்.எஃப். லாரிக்கு டயர் செய்தவர்கள் பிற்பாடு சேத்தக் ஹெலிகாப்டருக்கும் டயர் செய்தார்கள்.

இவ்வளவு கம்பெனிகளுக்கு நடுவே, எந்தக் கம்பெனியும் செய்யாத ஒரு வண்டியும் இங்கே ஓடுகிறது. மீன்பாடி வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் பலகை. பின்னால் ஒரு சக்கரம், அதன்மேல் ஓட்டுபவர். மிதிப்பதும் உண்டு, பழைய ஸ்கூட்டர் எஞ்சினையோ மொபெட் எஞ்சினையோ மாட்டி ஓட்டுவதும் உண்டு. வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கட்டுவது. ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒருத்தர் புதுப்பேட்டையில் கிடைத்த ஹப்பைப் போட்டிருப்பார், இன்னொருத்தர் உடைந்த லோடு ஆட்டோவின் அச்சைப் போட்டிருப்பார். ஹோம்பில்ட் என்றால் இதைவிட ஹோம்பில்ட் வேறு என்ன இருக்கிறது? பறக்காது, அவ்வளவுதான். (விடியற்காலை இரண்டரை மணிக்குக் காசிமேட்டுக்குப் போகிற வேகத்தைப் பார்த்தால் அதுவும் சந்தேகம்தான்.)

என் பெரியப்பாவுடையது அப்படிப்பட்ட வண்டி. காசிமேட்டில் ஏலம் எடுக்கிறவர்களுக்கு மீன் கூடையும் ஐஸும் ஏற்றி இறக்குவார். எர்ணாவூரிலிருந்து போக எட்டு ஒன்பது கிலோமீட்டர், வர அதே அளவு. நடுவில் எத்தனை நடை என்பது அன்றைய வலையைப் பொறுத்தது. பலகையிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர், மீன் உப்போடு சேர்ந்து நேராக ஹப் மேல்தான் சொட்டும். வேலை முடிந்ததும் நாற்றம் போக வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார். அங்கேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதன்மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கும்போது சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். படகை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிற டிரெய்லர்களுக்கு உலகம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். 3, 4 தேதிகளில் பெய்த மழையில் சென்னையே மூழ்கியது. எங்கள் பக்கம் வந்த தண்ணீரில் கச்சா எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. திருவொற்றியூர், எர்ணாவூர் தெருக்களில் புகுந்து, கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை கறுப்பாகப் படர்ந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரம்வரை கறுப்புக் கோடு. படகு, வலை எல்லாம் பிசுபிசுப்பு. பெரியப்பாவின் வண்டி அந்தத் தண்ணீரில் அச்சு முழுக மூன்று நாள் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் பெரியப்பாவுக்கு ஒரே அவசரம். வருமானம் நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. எஞ்சினைத் தெரு முனை மெக்கானிக் பாய் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். "அண்ணே, சக்கரத்தையும் கழட்டிரலாம்" என்றார்.

"சுத்துதுல்ல பாய்? அப்புறம் இன்னா? நாளைக்கு ஏலத்துக்குப் போவணும்."

"இன்னிக்கு சுத்துது. எத்தினி நாளு சுத்தும்னு தொறந்து பாத்தாதான் சொல்லுவேன்."

நான் செமினாருக்காக நோட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். "இன்னாமா, ப்ளேன் படிப்பு படிக்கிற, நீயாவது சொல்லேன் உங்க பெரிப்பாவுக்கு" என்றார் பாய். நான் சொன்னதைவிட, வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து அவர் ஆட்டிக் காட்டியதுதான் வேலை செய்தது. 'டொக் டொக்' என்று லேசான ஆட்டம். பெரியப்பா ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தம்.

மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்தார். நல்ல கிரீஸ் என்றால் வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். உள்ளே இருந்தது பால் அதிகம் போட்ட டீ மாதிரி. தண்ணீர் கலந்துவிட்டது. மேலே மிதந்த எண்ணெய் வேறு கிரீஸை இளக்கிப் பாதியை வெளியே கொண்டுபோயிருந்தது. கோனை மண்ணெண்ணெயில் அலசி, வேஸ்ட் துணியில் துடைத்து, வெயிலில் காட்டினார். "நகத்தால தடவிப் பாரு" என்று கப்பை என் பக்கம் திருப்பினார். உள் வளையத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள். அளந்து போட்ட மாதிரி சம இடைவெளி. நகம் ஒவ்வொரு கோட்டிலும் இடறியது.

அந்த இடைவெளி எதனுடையது தெரியுமா? உருளைக்கும் உருளைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. மூன்று நாள் அசையாமல் நின்றபோது, ஒவ்வொரு உருளையும் கப்பைத் தொட்ட இடத்தில் தண்ணீர் தங்கி, அங்கே துரு அரித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தால் கிரீஸ் புரண்டு புரண்டு எல்லா இடத்தையும் பூசிக்கொண்டே இருக்கும். நின்ற வண்டியில் அது நடக்காது.

புத்தகத்தில் பாதி கிடைத்த பதிலுக்கு இதுதான் மீதி. பேரிங் செய்யும் எஃகில் 1 சதவீதம் கார்பன், ஒன்றரை சதவீதம் குரோமியம். கடினமாக இருக்கத்தான் அந்தக் கலவை. துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆக வேண்டும் என்றால் குரோமியம் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே பேரிங் எஃகு பார்க்கக் கண்ணாடி மாதிரி மின்னினாலும், ஆணி துருப்பிடிப்பது போலத்தான் துருப்பிடிக்கும். அதற்கும் உப்புக்கும் நடுவே இருப்பது கிரீஸ் படலம் ஒன்றுதான். ஹேங்கரில் மாதக்கணக்கில் நிற்கிற விமானத்துக்கும் இதே கதி. ராத்திரி குளிரில் ஹப்புக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், உருளைகள் அதே இடத்தில் நிற்கும்.

தண்ணீர்கூட வேண்டாம், நிற்பதே போதும் என்பதற்கும் கதை இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றித் தூர ஊர்களுக்கு அனுப்பினார்கள். இறக்கிப் பார்த்தால், ஒரு மைல்கூட ஓடாத காரின் பேரிங்கில் உருளை இடைவெளிக்கு ஒரு பள்ளம். சக்கரம் சுற்றாமல் ரயிலின் அதிர்வில் மட்டும் நடுங்கி நடுங்கி, கிரீஸ் விலகி, இரும்பும் இரும்பும் உரசியிருக்கிறது.

பாய் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்த ஒவ்வொரு வேலையும், நான் படித்த விமானப் பராமரிப்புப் புத்தகத்தில் இருந்தது. அதை வரிசையாக எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

கழுவின பேரிங்கைக் காற்று அடித்துச் சுற்றவிடக் கூடாது. 'விர்ர்' என்று சுற்றுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் உருளை கூட்டை உடைத்துக்கொண்டு முகத்தில் பறக்கும். கையில் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கப்பும் கோனும் ஜோடி. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் காசும் போகும், கோனும் போகும். கோனில் நீலம் அல்லது வைக்கோல் நிறம் ஓடியிருந்தால் அது சூட்டில் வெந்தது என்று அர்த்தம். கண் மூடித் தூக்கிப் போட வேண்டும்.

புதுசு வாங்கப் போனால் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 30204 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். 04 என்றால் 20 மில்லிமீட்டர் அச்சு, 05 என்றால் 25. (03 வரைக்கும் இந்தக் கணக்கு சரிவராது.) பெட்டி பளபளப்பாக இருந்து விலை மட்டும் பாதியாக இருந்தால் டூப்ளிகேட்டா என்று சந்தேகப்படுங்கள்.

கிரீஸ் வைப்பது ஒரு கலை. உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு எடுத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, எதிர்ப்பக்கத்தில் புழு மாதிரி கிரீஸ் வெளியே வருகிறவரை திணிக்க வேண்டும். மேலே பூசினால் உள்ளே வெற்றிடம்தான். அதற்காக ஹப் முழுக்க அடைத்து நிரப்பவும் கூடாது. கடைந்து கடைந்து சூடாகும். ஒரு வகை கிரீஸ் மேல் இன்னொரு வகையைப் போடவும் கூடாது. சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் தண்ணீராக இளகி வெளியே வந்துவிடும். விமானக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

கடைசியில் நட்டு. இதில்தான் கை அனுபவம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, உருளைகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்ததும் தளர்த்தி, மறுபடி விரலால் இறுக்கி, பின் போடும் ஓட்டை வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதிகம் இறுக்கினால் வேகும். தளர்ந்தால் ஆடும். பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடவே கூடாது. பாய் பழைய பின்னைச் சாக்கடையில் வீசிவிட்டுத்தான் புதுசை எடுத்தார். "கையில வச்சிருந்தா போட்டுருவோம்மா, அதான்."

விமானச் சக்கரத்தில் ஒரு ஆபத்து கூடுதல். ரிம் இரண்டு பாதியாக இருக்கும், போல்ட்டில் சேர்த்திருப்பார்கள். டயரில் காற்றை முழுக்க இறக்காமல் அந்தப் போல்ட்டைக் கழற்றினால் பாதி ரிம் குண்டு மாதிரி கிளம்பும். இதைப் பாயிடம் சொன்னேன். "லாரி லாக் ரிங் மாதிரி" என்றார் உடனே. மணலி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், லாக் ரிங் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்வார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் புது பேரிங், சீல், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குப் பக்கம் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த இரண்டாயிரம் சும்மா இல்லை. அரிசி மூட்டை, ஃப்ரிட்ஜ் ரிப்பேர், தம்பியின் புத்தகங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. பெரியப்பா பாதியைக் கையில் கொடுத்தார். பாதியைப் பாய் கணக்கில் எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் அடைந்தது.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னொரு மீன்பாடி. அதே தண்ணீரில் நின்றதுதான். ஓடிக்கொண்டிருந்ததால் திறக்கவில்லை. அந்த அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டு வரிசையில் என்னென்ன நின்றதோ. 2024 மார்ச்சில் ஒரு விடியற்காலை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இடது முன் சக்கரம் ஜாம் ஆகி, அச்சு முனையோடு கழன்று போய்விட்டது. வண்டி அப்படியே இடதுபக்கம் குத்தி, அவர் முன்னால் தூக்கி வீசப்பட்டார். பின்னால் கன்டெய்னர் டிரெய்லர். அந்த டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் தெருவரை கேட்டது என்றார்கள். வண்டி மேல் ஏறாமல் சில அடி முன்னால் நின்றது. அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. நாலு மாதம் கட்டில். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

உடைந்த ஹப்பைப் பாய் கடையில் வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு துண்டு துண்டாக இருந்தது. உருளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோன் அச்சோடு ஒட்டி, அச்சு நீலமாக வெந்திருந்தது. கப்பின் கொஞ்சம் தப்பிய ஒரு ஓரத்தில் மட்டும் அந்தக் கோடுகள் இருந்தன. அதே சம இடைவெளி. டிசம்பரில் விழுந்த கோடு மார்ச்சில் ஆளைத் தள்ளியிருக்கிறது. நடுவே மூன்று மாதமும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

செமினாரில் என் பங்கு இரண்டு ஸ்லைடில் முடியவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. அதில் கடைசி ஸ்லைடுதான் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் ஹோம்பில்ட் விமானத்துக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். பறந்ததோ, ஷெட்டிலேயே நின்றதோ, கணக்கு காலண்டர்தான். இன்னொரு விஷயம், அந்த விமானத்தைக் கட்டியவரே அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அந்தப் பரிசோதனையைத் தானே செய்யலாம். தன் கையால் கட்டியவனுக்கு அதன் நோய் தெரியும் என்ற நம்பிக்கை. ஆனால் செய்ததை லாக் புத்தகத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை.

மீன்பாடி வண்டிக்கு அந்தப் புத்தகம் இல்லை. எந்த ஆபீஸும் அதை விமானம் மாதிரி வருஷம் தவறாமல் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. பாய் மாதிரி ஒருவர் "கழட்டிரலாம்" என்று சொல்வதும், பெரியப்பா மாதிரி ஒருவர் பீடியைப் பற்றவைத்துச் சம்மதிப்பதும்தான் அதற்கு இருக்கிற ஒரே இன்ஸ்பெக்‌ஷன். அந்த இரண்டில் ஒன்று தவறினால் மிச்சம் டிரெய்லர் டிரைவரின் பிரேக்.

அதனால் பாய் கடையில் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து மீன்பாடிகள் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கழற்றிய தேதி, எந்தப் பக்கச் சக்கரம், பேரிங் எண், கிரீஸ் என்ன நிறம், கோடு இருந்ததா இல்லையா. வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சிவப்பு மையில் ஒரு குறி. பாய்க்குத் தமிழ் எழுத அவ்வளவு வராது என்பதால் சனிக்கிழமை சாயந்திரம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "இன்னாமா, என் வண்டிக்கு ஜாதகம் எழுதுறியா?" என்றார் பெரியப்பா. இப்போது மழை வந்து வடிந்தால், நான் கேட்பதற்கு முன்னாலேயே நான்கைந்து பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கட்டிலில் கிடந்த அண்ணன் எழுந்து, புது ஹப் போட்டு, ஏழாவது பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதினார்.

உங்களில் நிறைய பேர் பைக்கோ ஸ்கூட்டரோ வைத்திருப்பீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு மெதுவாகச் சுற்றிவிட்டு, ஃபோர்க் மேல் கையை வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் கையில் ஒன்றும் தெரியாது. மணலை அரைப்பது போல நறநறவென்று வந்தால் நாளைக்கே கடைக்குப் போங்கள். போன மழையில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், நறநறப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.